சோஷியல் நெட்வொர்க்ல நிலைச்சு நிக்குற காசு எங்க இருக்கு?

சோஷியல் நெட்வொர்க் தளங்களுக்கு நிலையான வியாபார மதிப்பு இருக்கா இல்லையான்னு பேச்சு வந்தா போதும், உடனே ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி ஃபேஸ்புக்கைக் காட்டி "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்"னு கேக்கும். இன்னொரு கட்சி மைஸ்பேஸ், ஆர்குட், ஃப்ரெண்ட்ஸ்டர், பீபோன்னு செத்துப்போன பேரா அடுக்கிட்டே போகும். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான், அதனாலதான் இந்தச் சண்டை இருபது வருஷமா முடியாம ஓடிட்டு இருக்கு. எனக்கு இதுல ஒரு தீர்மானமான கருத்து இருக்கு, ஏன்னா நான் ரொம்ப வருஷமா ஆன்லைன் விளம்பரம் ஓட்டுற வேலையில இருக்கேன், அதாவது இந்தத் தளங்களுக்குக் காசு கட்டுற பக்கத்துல உக்காந்திருக்குறவன். அங்க இருந்து பார்த்தா, தளம் வேற, தளத்துல இருக்குற கூட்டம் வேற, கூட்டத்தைக் காசாக்குற இயந்திரம் வேற. மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் பெரிய பெரிய கம்பெனிங்க எல்லாம் கூட்டத்துக்கு விலை குடுத்து வாங்கிட்டு அப்புறம் முழிச்சாங்க.

மைஸ்பேஸ் கதையை எடுத்துக்குவோம். 2005 ஜூலைல ரூபர்ட் மர்டாக்கோட நியூஸ் கார்ப் அதோட தாய்க் கம்பெனியை 58 கோடி டாலருக்கு வாங்குச்சு. அன்னைக்கு அது மலிவுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, ஏன்னா அடுத்த வருஷமே கூகுள் வந்து மைஸ்பேஸ்ல தேடல் விளம்பரம் போட 90 கோடி டாலர் வரைக்கும் தர்றோம்னு ஒப்பந்தம் போட்டுச்சு, போட்ட காசு ஒரே வருஷத்துல திரும்ப வந்துடுச்சுன்னு நினைச்சாங்க. ஆனா அந்த ஒப்பந்தத்துக்குள்ள ஒரு நிபந்தனை இருந்துச்சு, இவ்வளவு டிராஃபிக் வந்தாத்தான் இவ்வளவு காசு. இது ஒரு தளத்தை என்ன பண்ணும்னு விளம்பரத்துல இருக்குற யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். பக்கத்தோட எண்ணிக்கை குறையக்கூடாது, விளம்பரம் போடுற இடம் குறையக்கூடாது, அதனால ஒரே கிளிக்ல முடியுற வேலைக்குக்கூட மூணு பக்கம் தாண்டிப் போகணும், ஒவ்வொரு பக்கத்துலயும் மின்னிட்டு இருக்குற பேனர். அதே நேரத்துல பக்கத்துல ஃபேஸ்புக்னு ஒண்ணு வெள்ளையா, சுத்தமா, சீக்கிரமா திறக்குற மாதிரி வளந்துட்டு இருந்துச்சு. 2011 ஜூன்ல மைஸ்பேஸ் கைமாறினப்போ பேசப்பட்ட விலை 3.5 கோடி டாலர். ஆறே வருஷம்.

இதே மாதிரி ஏஓஎல் 2008ல பீபோவை 85 கோடி டாலருக்கு வாங்குச்சு, ரெண்டே வருஷத்துல தள்ளி விட்டுடுச்சு, 2013ல பீபோவை ஆரம்பிச்ச மைக்கேல் பிர்ச்சே 10 லட்சம் டாலருக்குத் திரும்ப வாங்கிட்டார். யாஹூ 2013ல டம்ப்ளரை 110 கோடிக்கு வாங்குச்சு, 2019ல அது ஆட்டோமேட்டிக் கம்பெனிக்குப் போனப்போ விலை 30 லட்சம் டாலரைக்கூடத் தொடலைன்னு செய்தி வந்துச்சு. இந்த மூணு கேஸ்லயும் வாங்கின அன்னைக்கு அந்தத் தளத்துல கோடிக்கணக்கான பேர் நிஜமாவே இருந்தாங்க, யாரும் பொய்க் கணக்கு காட்டி ஏமாத்தலை. கூட்டம் நிஜம். விலைதான் தப்பு.

ஏன் தப்புன்னா, கூட்டம் சேருறதுக்கு என்ன காரணமோ அதே காரணம்தான் கூட்டம் கலையுறதுக்கும். நெட்வொர்க் எஃபெக்ட்னு சொல்றோம்ல, ஒருத்தர் சேர்ந்தா ஏற்கெனவே இருக்குறவங்களுக்கு அந்த இடம் இன்னும் கொஞ்சம் உபயோகமா ஆகுது, அதனால இன்னொருத்தர் சேருறார். மெட்காஃப் விதின்னு ஒண்ணு உண்டு, நெட்வொர்க்கோட மதிப்பு அதுல இருக்குறவங்க எண்ணிக்கையோட வர்க்கமா வளரும்னு. 1990கள் கடைசியில இணைய கம்பெனிங்க மேல எல்லாரும் மோகம் பிடிச்சுக் காசு கொட்டின டாட்காம் காலத்துல இந்த ஒரு விதியை வச்சே ஏகப்பட்ட விலை போட்டாங்க. 2006ல கணித ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோவும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து இது மிகைன்னு எழுதினாங்க, எல்லா இணைப்புக்கும் ஒரே மதிப்பு கிடையாது, நமக்கு வேண்டியவங்க கொஞ்சம் பேர்தான், மீதிப் பேரால நமக்குக் கிடைக்குறது ரொம்பக் கம்மின்னு. அது சரியான வாதம்னு நான் நினைக்கிறேன். இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லணும். அந்த வர்க்கக் கணக்கு உண்மைன்னே வச்சுக்கிட்டாலும், ஆள் பாதியாக் குறைஞ்சா மதிப்பு கால்வாசி ஆயிடும். ஏறும்போது சந்தோஷமா இந்தக் கணக்கைப் போட்டவங்க யாரும் இறங்கும்போது போட்டுப் பாக்கலை.

கலையுறது எப்படி நடக்கும்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கலாம். அதுக்கு ஃப்ரெண்ட்ஸ்டர்தான் நல்ல உதாரணம். ஜோனத்தன் ஏப்ரம்ஸ் ஆரம்பிச்சது, 2003ல கூகுள் 3 கோடி டாலர் தர்றேன்னு வந்தப்போ வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஆள் கூடக் கூட ஒவ்வொரு பக்கமும் திறக்க ரொம்ப நேரம் எடுத்துச்சு, ஏன்னா உனக்கும் இவருக்கும் நடுவுல யார் யார் இருக்காங்கன்னு ஒவ்வொரு தடவையும் அது கணக்குப் போட்டுக் காட்டணும். பக்கம் திறக்காத இடத்துல யார் காத்துட்டு இருப்பாங்க? அமெரிக்காவுல விட்டுட்டுப் போக ஆரம்பிச்சாங்க, ஆசியாவுல கொஞ்ச காலம் தாக்குப் பிடிச்சுது, 2011ல அதைக் கேம் தளமா மாத்தினாங்க, 2015ல இழுத்து மூடிட்டாங்க. சூரிச்ல இருக்குற ஈடிஹெச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013ல ஃப்ரெண்ட்ஸ்டரோட பழைய தகவலை எடுத்து, அது எப்படி விழுந்துச்சுன்னு பிரேதப் பரிசோதனை மாதிரி ஆராய்ச்சி பண்ணினாங்க. அவங்க பார்த்தது எண்ணிக்கையை இல்லை, அடுக்கை. ஒருத்தருக்கு அங்க ரெண்டு மூணு நண்பர்கள்தான் இருக்காங்கன்னா அவர் வெளி அடுக்கு, பல பேரோட நெருக்கமாப் பின்னிக் கிடக்குறவங்க உள் அடுக்கு. தளத்துல ஏதோ ஒரு தொல்லை கூடும்போது, மெதுவாத் திறக்குறதோ, பிடிக்காத புது டிசைனோ, முதல்ல போறது வெளி அடுக்கு. அவங்க போனதும் அடுத்த அடுக்குல இருக்குறவங்களோட நண்பர் எண்ணிக்கை குறையும், இப்ப அவங்க வெளி அடுக்கு ஆயிடுவாங்க, அவங்களும் போவாங்க, இப்படியே உரிஞ்சு உரிஞ்சு உள்ள வரைக்கும் போகும்.

இதுல கம்பெனிக்கு இருக்குற பெரிய ஆபத்து என்னன்னா, வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இது ரொம்ப நாள் தெரியவே தெரியாது. யாரும் அக்கவுன்ட்டை டெலீட் பண்ணிட்டுப் போறதில்லை. வாரத்துக்கு அஞ்சு தடவை வந்தவர் ரெண்டு தடவை வருவார், அப்புறம் யாராவது டேக் பண்ணி அதுக்கு மெயில் வந்தா மட்டும் வருவார். மொத்த மெம்பர் எண்ணிக்கைன்னு ஒரு போர்டு மாட்டியிருப்பாங்களே, அது ஏறிட்டேதான் இருக்கும். நான் விளம்பரம் ஓட்டின ஒரு சின்னத் தளத்துல, பேர் வேண்டாம், எங்களுக்குக் காட்டின மெம்பர் கணக்கு மாசா மாசம் கூடிட்டே வந்துச்சு, எங்க விளம்பரத்துக்கு வர்ற கிளிக் மாசா மாசம் குறைஞ்சுட்டே வந்துச்சு. ரெண்டு கோடும் ஒரே ஸ்க்ரீன்ல, எதிரெதிர்த் திசையில. அந்தத் தளத்தோட சேல்ஸ் ஆள்கிட்ட கேட்டா, சீசன் சரியில்லைங்கன்னு சொன்னார். பட்ஜெட்டை வெளியே எடுத்துட்டோம்.

சரி, அப்போ ஃபேஸ்புக் மட்டும் எப்படித் தப்பிச்சுது? "எல்லாரும் அங்கதான் இருக்காங்க, அதனால யாரும் போக முடியாது"ன்னு ஒரு பதில் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. மைஸ்பேஸ்லயும் ஒரு நேரத்துல எல்லாரும் அங்கதான் இருந்தாங்க.

2012 மே 18ஆம் தேதி ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வந்துச்சு, ஒரு ஷேர் 38 டாலர், மொத்தக் கம்பெனி மதிப்பு 10,400 கோடி டாலர். அதுக்குச் சில நாள் முன்னாடிதான் ஜெனரல் மோட்டார்ஸ் "உங்ககிட்ட விளம்பரம் போட்டா கார் விக்கிற மாதிரி தெரியலை"ன்னு தன்னோட 1 கோடி டாலர் விளம்பரத்தை நிறுத்திட்டதா செய்தி வந்திருந்துச்சு. ஜனங்க எல்லாம் கம்ப்யூட்டரை விட்டுட்டு மொபைலுக்குப் போயிட்டு இருந்தாங்க, மொபைல்ல எங்களுக்குச் சொல்லிக்கிற மாதிரி வருமானம் இல்லைன்னு கம்பெனியே பங்கு ஆவணத்துல எழுதி வச்சிருந்துச்சு. செப்டம்பர்ல ஷேர் 18 டாலருக்கும் கீழ போச்சு, பாதிக்கும் மேல காலி. அந்த நேரத்துல கூட்டத்துக்கு என்ன குறை? ஒண்ணும் இல்லை. அதே 2012 அக்டோபர்லதான் மாசத்துக்கு 100 கோடி பேர் வர்றாங்கன்னு அறிவிச்சாங்க. உலகத்துலயே பெரிய கூட்டம் கையில இருக்கும்போதே சந்தை பாதி விலைதான் குடுத்துச்சு. அணையில தண்ணி எவ்வளவு நிக்குதுங்கிறது ஒரு கேள்வி, டர்பைன் சுத்துதாங்கிறது வேற கேள்வி, அன்னைக்குத் தண்ணி இருந்துச்சு, டர்பைன் இல்லை.

அந்த டர்பைனைத்தான் அடுத்த ஒண்ணரை வருஷத்துல மாட்டினாங்க. விளம்பரத்தை ஓரத்துல இருந்து எடுத்து ஃபீடுக்கு நடுவுல, நண்பர் போட்ட ஃபோட்டோவுக்கு அடுத்து, அதே அளவுல, அதே மாதிரி வச்சாங்க. விளம்பர வருமானத்துல மொபைலோட பங்கு 2012 மூணாவது காலாண்டுல 14 சதவீதம், 2013 கடைசிக் காலாண்டுல 53 சதவீதம். இவ்வளவு வேகமா ஒரு கம்பெனி தன்னோட வருமானத்தோட அடித்தளத்தையே மாத்தினதை நான் வேற எங்கயும் பாத்ததில்லை.

ஆனா இடத்தை மாத்தினது மட்டும் இல்லை விஷயம். என் வேலையில இருந்து ஒரு உதாரணம் சொல்றேன், அப்பத்தான் இந்த இயந்திரம் என்ன பண்ணுதுன்னு புரியும். ஆன்லைன்ல ஒரு பொருள் விக்கிற கம்பெனிக்கு விளம்பரம் ஓட்டணும்னு வச்சுக்குங்க. முதல் வேலை, அவங்க வெப்சைட்ல பிக்சல்னு ஒரு சின்னப் புரோகிராம் துணுக்கைச் சேர்க்கணும். யாராவது பொருளைப் பார்த்தா, கார்ட்ல போட்டா, காசு கட்டினா, ஒவ்வொண்ணும் மெட்டாவுக்கு, அதாவது ஃபேஸ்புக் கம்பெனியோட இப்போதைய பேர், தகவலாப் போகும். அப்புறம் ஆட்ஸ் மேனேஜர்ங்கிற அவங்க விளம்பரக் கருவியைத் திறந்து என்ன வேணும்னு சொல்லணும். கிளிக் வேணுமா, வீடியோ பாக்கணுமா, வாங்கணுமா? "வாங்கணும்"னு தேர்ந்தெடுத்தா, அது தேடுறது என் விளம்பரத்தைப் பாக்குற ஆளை இல்லை, வாங்குற ஆளை. ஒரு வாரத்துக்குள்ள கிட்டத்தட்ட 50 பேர் வாங்கினாத்தான் அது கத்துக்குற கட்டத்தைத் தாண்டும்னு அவங்களே சொல்றாங்க. முதல் ரெண்டு மூணு நாள் காசு கண்டபடி போகும், விற்பனை ஒண்ணு வரும், அப்புறம் மணிக்கணக்கா ஒண்ணும் வராது, கிளையன்ட் ஃபோன் பண்ணிட்டே இருப்பார், கை வைக்காம இருங்க சார்னு கெஞ்சணும், ஏன்னா நடுவுல எதையாவது மாத்தினா அது மறுபடி முதல்ல இருந்து கத்துக்கும். அப்புறம் ஒரு கட்டத்துல பிடிச்சுக்கும். வாங்குனவங்க எப்படிப்பட்டவங்கன்னு அதுக்கு ஒரு கணக்கு கிடைச்சிருக்கும், அதே சாயல்ல இருக்குற மத்தவங்களைத் தேடித் தேடிக் காட்டும்.

நீங்க ஃபோனை எடுத்து ஸ்க்ரோல் பண்ணும்போது ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் அந்தக் கணத்துல ஒரு ஏலம் நடக்குது. அதிகக் காசு சொன்னவருக்கே இடம்னு கிடையாது. எவ்வளவு தர்றேன்னு சொன்னீங்க, இந்த ஆள் அதைச் செய்வார்ங்கிறதுக்கு எவ்வளவு வாய்ப்பு, விளம்பரம் எவ்வளவு தரமா இருக்கு, மூணையும் சேர்த்துத்தான் ஜெயிக்கிறது யாருன்னு முடிவாகும். அதனால பெரிய கம்பெனியோட பொருத்தமில்லாத விளம்பரத்தை ஒரு குட்டிக் கம்பெனியோட பொருத்தமான விளம்பரம் கம்மிக் காசுல தோக்கடிக்க முடியும். இந்த ஒரு காரணத்துனாலதான் சின்னச் சின்ன வியாபாரிங்க லட்சக்கணக்குல உள்ள வந்தாங்க. 100 ரூபா போட்டா 300 ரூபாய்க்கு வித்துதுன்னு மறுநாள் காலையில கண்ணால பாக்குற ஒரு ஆள், அந்தத் தளம் நல்லதா கெட்டதா, ஸ்டைலா பழசாங்கிற கேள்விக்குள்ளயே போக மாட்டார். அடுத்த நாள் 150 போடுவார்.

இது எவ்வளவு உறுதியான பிடின்னு 2020 ஜூலைல உலகமே பார்த்துச்சு. வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்தலைன்னு சொல்லி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிங்க, பெரிய பெரிய பிராண்டெல்லாம், ஃபேஸ்புக்ல விளம்பரத்தை நிறுத்தினாங்க. அந்தப் போராட்டத்தோட நியாயம் எனக்குப் புரிஞ்சுது, ஆதரிக்கவும் செஞ்சேன். ஆனா அந்தக் காலாண்டு கணக்கு வந்தப்போ வருமானம் முந்தின வருஷத்தைவிட 22 சதவீதம் கூடியிருந்துச்சு. அவங்ககிட்ட அப்போ 1 கோடிக்கும் மேல விளம்பரதாரர்கள். ஆயிரம் பேர் விலகினா அந்த ஏலத்துல மத்தவங்களுக்குக் கொஞ்சம் மலிவாக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிரா, இப்ப எக்ஸ்னு பேர் மாறியிருக்குற ட்விட்டரைப் பாருங்க. அரசியல்வாதி, பத்திரிகையாளர், நடிகர், விளையாட்டு வீரர்னு எல்லாரும் அங்க, ஒரு நாட்டோட அன்னைக்கான பேச்சே அங்க இருந்துதான் கிளம்பும். செல்வாக்குன்னு பார்த்தா அதுக்கு இணையே கிடையாது. 2021ல அதோட மொத்த வருமானம் 508 கோடி டாலர். மெட்டாவுக்கு அதே வருஷம் 11,790 கோடி. மெட்டாவோட எல்லா ஆப்பையும் சேர்த்தா தினமும் வர்ற ஆளுங்க ட்விட்டரைப் போல 13 மடங்கு, வருமானமோ 23 மடங்கு. தலைக்கு வர்ற காசுலயே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். ட்விட்டர்ல வந்தது பெரும்பாலும் பிராண்ட் விளம்பரம், அதாவது பேரை மனசுல பதிய வைக்கிறதுக்காகப் பெரிய கம்பெனிங்க போடுறது. அவங்களுக்கு மறுநாள் காலையில விற்பனைக் கணக்கு தெரியாது, அதனால நிறுத்தினாலும் ஒண்ணும் குறையாது. 2022 அக்டோபர்ல ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கினதும் பெரிய விளம்பரதாரர்கள் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நிறுத்தினாங்க. அங்க அது வலிச்சுது, ஏன்னா இடத்தை நிரப்ப அந்த ஒரு கோடி சின்ன ஆளுங்க அங்க இல்லை. ட்விட்டரோட யூசர் எண்ணிக்கையைப் பத்தி எவ்வளவோ விவாதம் பண்ணினாங்க, போலி அக்கவுன்ட் எத்தனை சதவீதம்னு கோர்ட் வரைக்கும் போச்சு. யாருக்கு விளம்பரத்தை நிறுத்தவே முடியாதுங்கிற கேள்வியைக் கேட்டிருந்தா கம்பெனியோட நிலைமை இன்னும் தெளிவாத் தெரிஞ்சிருக்கும்.

விளம்பரத்தை மட்டுமே நம்பாம நிக்க முடியாதான்னா, முடியும், லிங்க்ட்இன் இருக்கு. 2003ல வந்த தளம், சமகாலத்துல வந்த ஃப்ரெண்ட்ஸ்டர், மைஸ்பேஸ் எல்லாம் போயாச்சு, இது இருக்கு, 2016ல மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் குடுத்து வாங்குச்சு. அங்கயும் விளம்பரம் உண்டு, ஆனா பெரிய காசு ஆள் எடுக்குற ஹெச்ஆர்காரங்க கட்டுறது. வேலைக்கு ஆள் தேடுறவங்களுக்கு அது ஒரு தொழில் கருவி, நாளைக்கு வேற எங்கயாவது கூட்டம் போயிட்டா ஒழிய அவங்க சந்தாவை நிறுத்த மாட்டாங்க. அதுவும் அங்க கூட்டம் சட்டுனு கலையாது, ஏன்னா ப்ரொஃபைல்ங்கிறது பயோடேட்டா, தினமும் வரலைன்னாலும் அது அங்க இருந்தே ஆகணும். தினமும் வந்து பொழுதுபோக்கணும்னு அவசியமே இல்லாத ஒரே சோஷியல் நெட்வொர்க் அதுதான்னு நினைக்கிறேன். ரெடிட் இன்னொரு வழி கண்டுபிடிச்சிருக்கு, ஜனங்க வருஷக்கணக்கா எழுதிப் போட்ட பதில்களை ஏஐ கம்பெனிகளுக்குப் பயிற்சிக்குக் குடுத்துக் காசு வாங்குது, கூகுளோட 2024ல போட்ட ஒப்பந்தம் வருஷத்துக்கு 6 கோடி டாலர்னு செய்தி. எழுதினவங்களுக்கு அதுல ஒரு பைசா கிடையாது. அது எனக்கு நியாயமாப் படலை.

அந்த இயந்திரத்துக்கும் பலவீனம் உண்டு, அதையும் சொல்லணும். 2021 ஏப்ரல்ல ஆப்பிள் ஐஃபோன்ல ஒரு கேள்வியைக் கொண்டு வந்துச்சு, இந்த ஆப் உங்களை மத்த ஆப், வெப்சைட் எல்லாத்துலயும் பின்தொடரலாமான்னு. பெரும்பாலானவங்க வேண்டாம்னு அமுக்கினாங்க. மறு மாசமே என் ஸ்க்ரீன்ல அது தெரிஞ்சுது. கிளையன்ட்டோட வெப்சைட்ல வித்த எண்ணிக்கை ஒண்ணு, ஆட்ஸ் மேனேஜர் காட்டுற எண்ணிக்கை வேற ஒண்ணு, எந்த விளம்பரத்துல இருந்து யார் வந்தாங்கன்னே தெரியாம இருட்டுல பட்ஜெட் பிரிச்ச மாதிரி ஆச்சு. 2022ல இதனால மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் அடி விழும்னு மெட்டா சொல்லுச்சு, பிப்ரவரி 3ஆம் தேதி ஒரே நாள்ல கம்பெனியோட சந்தை மதிப்புல 23,000 கோடி டாலருக்கும் மேல காணாமப் போச்சு. அந்த வருஷம் முதல் தடவையா அவங்க ஆண்டு வருமானம் குறைஞ்சுது. பழைய கட்சி மறுபடி எழுந்து பாத்தியா, மைஸ்பேஸ் கதைதான்னு சொல்லுச்சு.

ஆனா நடந்தது வேற. தகவல் கம்மியா வந்தாலும் மீதியை ஊகிச்சு நிரப்புற மாதிரி இயந்திரத்தை ஏஐ வச்சுத் திரும்பக் கட்டினாங்க, இப்பல்லாம் யாருக்குக் காட்டணும்னு நான் சொல்றதே கம்மி, பொருளையும் காசையும் குடுத்தா அதுவே ஆளைத் தேடிக்குது. 2023ல 13,490 கோடி, 2024ல 16,450 கோடி டாலர் வருமானம். கிட்டத்தட்ட எல்லாமே விளம்பரம்.

இவ்வளவு தூரம் வந்தப்புறம்தான் எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்குற விஷயத்துக்கு வர்றேன். இந்த இயந்திரத்துக்கு நம்ம நட்பு தேவையா? ஆரம்பத்துல தேவைப்பட்டுச்சு, ஏன்னா நண்பர் போட்டதைப் பாக்கத்தான் நாம உள்ள வந்தோம். 2018க்கு அப்புறம் டிக்டாக் வந்து, யாரையும் தெரியாமலே, ஒருத்தரையும் ஃபாலோ பண்ணாமலே மணிக்கணக்கா ஒரு ஆளை உக்கார வைக்க முடியும்னு காட்டிடுச்சு. மெட்டாவும் ரீல்ஸ்னு அந்தப் பக்கம் திரும்புச்சு. வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி, இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் வாங்கிப் போட்டு ஏகபோகம் பண்றீங்கன்னு 2020 டிசம்பர்ல போட்ட கேஸ்ல, அமெரிக்காவுல ஃபேஸ்புக்ல செலவாகுற நேரத்துல நண்பர்கள் போட்டதைப் பாக்குற நேரம் 17 சதவீதம்தான், இன்ஸ்டாகிராம்ல 7 சதவீதம்தான்னு கணக்கு வந்துச்சு. நாங்க இனிமே நண்பர்களை இணைக்கிற சந்தையில மட்டும் இல்லைங்கிறதுதான் மெட்டாவோட வாதமே. 2025 நவம்பர்ல நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் மெட்டா பக்கம் தீர்ப்பு சொல்லிட்டார்.

இதை நான் படிச்சப்போ ரொம்ப நேரம் யோசிச்சேன். இருபது வருஷம் முன்னாடி எல்லாரும் விலை போட்டது அந்த நட்பு வலைக்குத்தான், யார் யாருக்குத் தெரிஞ்சவங்கங்கிற அந்த வரைபடம்தான் யாராலயும் காப்பியடிக்க முடியாத சொத்துன்னு சொன்னாங்க. உலகத்துலயே அதிகமா அந்தச் சொத்தை வச்சிருக்குற கம்பெனி, எங்க தளத்துல அது இப்ப சின்னப் பங்குதான்னு கோர்ட்ல நின்னு சொல்லி ஜெயிச்சிருக்கு, அதே வருஷங்கள்ல வருமானம் ஏறிட்டே இருக்கு. காசு நிலைச்சு நின்னுச்சு. எதுக்காக நாம அங்க போனோமோ அதுதான் ஒதுங்கிடுச்சு.

நடுவுல நாம போட்டதெல்லாம் என்ன ஆச்சு? ஜனங்க சொந்தமா வெப் பக்கம் கட்டி வச்சிருந்த ஜியோசிட்டீஸை 2009ல மூடினப்போ லட்சக்கணக்கான பக்கங்கள் போச்சு, தன்னார்வலர்கள் ஓடி ஓடி எடுத்து வச்ச அளவுக்குத்தான் மிச்சம். 2014 செப்டம்பர் 30ஆம் தேதி ஆர்குட் மூடிச்சு. 2019ல மைஸ்பேஸ், சர்வர் மாத்தும்போது 2003ல இருந்து 2015 வரைக்கும் ஜனங்க ஏத்தின பாட்டு, ஃபோட்டோ, வீடியோ எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு ஒரு வரியில சொல்லிட்டு நகர்ந்துடுச்சு. பன்னெண்டு வருஷத்து மனுஷங்க குரல் அது. பேலன்ஸ் ஷீட்ல அதுக்கு மதிப்பு பூஜ்யம், அதனாலதான் கம்பெனி அதைக் காப்பாத்தி வைக்கலை. ஒரு தளத்தோட வியாபார மதிப்பைப் பத்திப் பேசுற யாருமே இதைக் கணக்குல சேர்க்க மாட்டேங்கிறாங்க. எனக்கு அதுல கோபம் உண்டு.

நட்பு ஒண்ணும் செத்துப்போகலை, வீடு மாறியிருக்கு. வீட்டுக்காரங்க, கூடப் படிச்சவங்க, கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் இப்ப வாட்ஸ்அப் குரூப்லதான் பேசிக்கிறோம். 2014 பிப்ரவரில ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கிட்டப்போ அங்க வேலை பாத்தவங்க ஐம்பத்தஞ்சு பேர் மாதிரி, மாசத்துக்கு 45 கோடி பேர் உபயோகிச்சுட்டு இருந்தாங்க. வருஷத்துக்கு 1 டாலர்னு ஒரு சந்தா இருந்துச்சு, அதையும் 2016ல எடுத்துட்டாங்க. வாட்ஸ்அப்பை ஆரம்பிச்சு, விளம்பரம் கூடாதுன்னு பிடிவாதமா இருந்த ஜான் கூம், பிரையன் ஆக்டன் ரெண்டு பேருமே வெளியே போயிட்டாங்க. அப்பயும் பல வருஷம் நேரடி விளம்பரம் உள்ள வரலை, வியாபாரிங்க அனுப்புற மெசேஜுக்குக் காசு, ஃபேஸ்புக்ல இருக்குற விளம்பரத்தை அமுக்கினா வாட்ஸ்அப் சாட் திறக்குறது, இந்த மாதிரிச் சுத்து வழியிலதான் வருமானம். மனுஷங்க நிஜமா ஒருத்தரோட ஒருத்தர் பேசுற இடத்துல, அங்க எவ்வளவு கூட்டம் இருந்தாலும், கடை விரிக்கிறது இவ்வளவு கஷ்டமா இருந்திருக்கு.

2025 ஜூன்ல அப்டேட்ஸ் பக்கத்துல, ஸ்டேட்டஸுக்கு நடுவுல விளம்பரம் வருதுன்னு அறிவிச்சாங்க. எனக்கும் அந்த இடத்துக்கு விளம்பரம் ஓட்டச் சொல்லி கிளையன்ட் கேக்க ஆரம்பிச்சாச்சு. தனிப்பட்ட சாட்டுக்குள்ள வராது, உங்க மெசேஜைப் படிச்சு விளம்பரம் காட்ட மாட்டோம்னு கம்பெனி சொல்லியிருக்கு. அந்த வார்த்தையை அவங்க காப்பாத்தணும்னு நான் மனசார விரும்புறேன். காப்பாத்துறவரைக்கும் அந்த குரூப்புகளால கம்பெனிக்கு வர்ற காசு அதுல இருக்குற ஆள் எண்ணிக்கைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத அளவுக்குக் கம்மியாத்தான் இருக்கும், ஒவ்வொரு காலாண்டும் யாராவது ஒரு பங்குச் சந்தை ஆய்வாளர் அதை எப்ப முழுசாக் காசாக்கப் போறீங்கன்னு கேட்டுட்டேதான் இருப்பார்.